இருபத்து மூன்று குண்டுமணி மருந்து: ரைபிள் தோட்டாத் தேர்வின் கணக்கு

மதுரை தெற்காவணி மூல வீதியில் நகை நிறுக்கும் தராசில் ஒரு .308 ரைபிள் தோட்டாவின் (எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்) வெடிமருந்தைக் கொட்டினால் ஏறக்குறைய இருபத்து மூன்று குண்டுமணிக்கு நிற்கும். துப்பாக்கிக்காரர் கணக்கில் அது 43 கிரெய்ன், கிராமில் 2.8. அந்தச் சிட்டிகை மருந்துதான் 10.9 கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்கு 800 மீட்டருக்கும் மேலான வேகத்தில் குழலை விட்டு அனுப்புகிறது. அதே 7.62 மி.மீ. துளைக்குப் பெரிய கூடு (மருந்து அடைக்கும் பித்தளை உறை) வைத்துச் செய்த .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவில் மருந்து 72 கிரெய்ன் வரை போகும். அது முப்பத்தொன்பது குண்டுமணி.

இந்தக் கூடுதல் மருந்துக்குக் கிடைக்கும் பலனைப் பாருங்கள். 180 கிரெய்ன் குண்டை .308 வினாடிக்கு 800 மீட்டரில் அனுப்புகிறது. மேக்னம் 900 மீட்டரில் அனுப்புகிறது. மருந்து அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது, வேகம் ஏறியது பதின்மூன்று சதவீதம். புகையில்லா வெடிமருந்தின் ஒரு கிராமுக்குள் 3,500 முதல் 4,000 ஜூல் வரை ஆற்றல் இருக்கிறது. .308-ல் கிராமுக்கு 1,250 ஜூல் அளவுக்குக் குண்டில் ஏறுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. மேக்னத்தில் அது ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. மிச்சமெல்லாம் சூடான வாயுவாகவும், குழல் வாயில் தெரியும் நெருப்பாகவும், குழலின் சூடாகவும், தோளில் விழும் உதையாகவும் போய்விடும்.

துளையின் அகலம் மாறாதபோது கூட்டை மட்டும் பெருக்கிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். உள்ளே உண்டாகும் வாயு எல்லாம் அந்த ஒரே துளை வழியாகத்தான் குண்டைத் தள்ள வேண்டும். மெதுவாக எரியும் மருந்து போட்டால் குண்டு வெளியேறிய பிறகும் கொஞ்சம் எரிந்துகொண்டிருக்கும். வேகமாக எரியும் மருந்து போட்டால் தோட்டா அமரும் சேம்பரில் அழுத்தம் எல்லை மீறும். நீளமான குழல் போட்டு ஓரளவு ஈடு கட்டலாம், ஆனால் எடை கூடும். குழலுக்கும் வயது குறையும். நன்றாகப் பராமரித்த .308 குழல் ஐயாயிரம் சூடு வரை போட்டித் துல்லியத்தோடு நிற்பது வழக்கம். பெரிய மேக்னங்களில் அது இரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரிகளான மரை தொடங்கும் இடம்தான் முதலில் தேயும். அங்கே பாளம் பாளமாக வெடித்த கண்மாய்த் தரை போல எஃகு விரிசல் விடும்.

உதையும் செலவுக் கணக்கில் சேர வேண்டியதுதான். நான்கு கிலோ ரைபிளில் .308-ன் உதை ஏறத்தாழ 19 ஜூல், .300 மேக்னத்தின் உதை 33 ஜூல். இரண்டாவதைத் தாங்க முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இருபதாவது சூட்டுக்குப் பிறகு விரல் டிரிக்கரைத் தொடும்போதே கண் மூடும், தோள் முன்னால் சாயும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்கள் இரண்டை மேகஸினில் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் இன்னொருவர் கலந்து வைக்கட்டும். வெற்றுத் தோட்டா வரும்போது குழல் முனை அசைந்தால், அந்த ரைபிள் உங்கள் அளவுக்கு மீறியது.

ஆனால் கிராமுக்கு எத்தனை ஜூல் என்று மட்டும் பார்த்துத் தோட்டா எடுத்தாலும் தப்புதான். குழல் வாயில் கணக்குப் பார்ப்பதும் இலக்கில் கணக்குப் பார்ப்பதும் வேறு வேறு.

2007-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த 6.5 கிரீட்மூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருந்து .308-ஐ விடச் சற்றே குறைவு, 41 அல்லது 42 கிரெய்ன். குண்டு 140 கிரெய்ன், புறப்படும் வேகம் 826 மீட்டர். குழல் வாயில் ஆற்றல் 3,100 ஜூல்தான், 168 கிரெய்ன் .308 குண்டு 3,500-க்கு மேல் வைத்திருக்கிறது. அங்கே .308-க்கே வெற்றி. ஆனால் 6.5 குண்டு ஒல்லியானது, நீளமானது, மூக்கு கூர்மையானது. காற்றைக் கிழித்துப் போகும் திறனைச் சொல்லும் பி.சி. என்ற எண், ஜி1 கணக்கில், ஹார்னடியின் 140 கிரெய்ன் இ.எல்.டி. மேட்ச் குண்டுக்கு 0.646, அதே வரிசையில் .308-க்கான 168 கிரெய்ன் குண்டுக்கு 0.523. எண் கூடுதலான 6.5 குண்டுதான் வழியில் வேகத்தைக் குறைவாக விட்டுக்கொடுக்கும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 500 மீட்டரில் இரண்டின் ஆற்றலும் சமமாகிறது. அதைத் தாண்டினால் சிறிய குண்டுதான் அதிகம் வைத்திருக்கிறது.

காற்றில் வித்தியாசம் இன்னும் முன்னாலேயே தெரியும். பக்கவாட்டில் வினாடிக்கு 3 மீட்டர் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேப்பிலைகள் ஓயாமல் ஆடும் அளவுக் காற்று. 300 மீட்டரில் .308 குண்டு ஏறக்குறைய 14 செ.மீ. ஒதுங்கும், 6.5 குண்டு 11 செ.மீ. ஒதுங்கும். சர்வதேச 300 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10 செ.மீ. நடுவிலிருந்து ஐந்துதான் உங்களுக்கு இடம். இரண்டு தோட்டாவும் காற்றைக் கணிக்காதவரைக் காப்பாற்றாது. ஆனால் கணிப்பில் கால்வாசி தவறினால் ஒன்றில் மூன்றரை செ.மீ. பிசகும், மற்றதில் மூன்றுக்குள் நிற்கும். நாற்பது அறுபது சூடு போட்டு முடிக்கும்போது இந்த அரை செ.மீ. புள்ளியாக வந்து நிற்கும்.

ஒதுக்கத்தின் காரணத்தைப் புரிந்துகொண்டால் தோட்டாத் தேர்வு பாதி முடிந்தது. காற்று குண்டைத் தள்ளும் அளவு, குண்டு பறக்கும் மொத்த நேரத்தைப் பொறுத்ததில்லை. வேகமே குறையாமல் பறந்திருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதற்கு மேல் எவ்வளவு தாமதமானதோ அந்தத் தாமதத்தைப் பொறுத்தது. காற்றின் வேகத்தை அந்தத் தாமதத்தால் பெருக்கினால் ஒதுக்கம் வரும். 300 மீட்டரில் .308-க்குத் தாமதம் வினாடியில் ஆயிரத்தில் 48 பங்கு, 6.5-க்கு 37 பங்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி “எவ்வளவு வேகத்தில் கிளம்புகிறது” என்பதைவிட “வழியில் எவ்வளவு இழக்கிறது” என்பதுதான்.

நீளக் குண்டுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அது நேராக நிற்க மரை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். 6.5-ல் 140 கிரெய்ன் குண்டுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும்; .308-ல் 168-க்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். மரை தளர்வாக இருந்தால் குண்டு தள்ளாடிப் பக்கவாட்டில் போய் அடிக்கும். காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம் போல நீளத் துளை தெரிந்தால் அதுதான் காரணம். குறி பார்க்கும் கண்ணாடியான ஸ்கோப்பைத் திருகிச் சரி செய்யப் பார்க்காதீர்கள். இரண்டு, நீளக் குண்டுக்குக் கூட்டுக்கு வெளியே இடம் வேண்டும். மேகஸின் நீளம் மாறாது என்பதால் கூடு குட்டையாக இருந்தால்தான் குண்டு வெளியே நீள முடியும். 1997-ல் வந்த .260 ரெமிங்டனும் இதே 6.5 மி.மீ. குண்டைத்தான் போடுகிறது, ஆனால் கூடு கிரீட்மூரை விட நீளம். நீளக் குண்டின் அடிப்பகுதி மருந்துக்குள் அமுங்க வேண்டியிருந்தது. கிரீட்மூரின் கூட்டைக் குறைத்து, கூடு கழுத்தாக ஒடுங்கும் தோளை 30 டிகிரிக்குச் சரித்ததன் பொருள் இதுதான். 300 மீட்டர் போட்டியாளர்கள் விரும்பும் 6 மி.மீ. பிஆர் நார்மா இன்னும் குட்டை. முப்பது கிரெய்னை ஒட்டிய மருந்தே போதும், உதையும் மிகக் குறைவு.

குண்டை அதன் தூரத்துக்கு மீறிக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பெயர்பெற்ற ஒரு உதாரணம் உண்டு. சியராவின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் 300 மீட்டர் போட்டிக்காகவே செய்த குண்டு. அந்தத் தூரத்தில் தங்கம். .308-ல் போட்டு 1,000 கஜத்துக்குச் சுட்டால் ஒலி வேகத்தை நெருங்கி இறங்கும் கட்டத்தில் அதன் செங்குத்தாகச் சரிந்த வால் காற்றைப் பிடித்துக்கொண்டு குண்டு கவிழத் தொடங்கும். அந்தத் தூரத்துக்கு 175 கிரெய்ன் அல்லது அதற்கு மேல் எடுப்பது அதனால்தான். கூடு மாறவில்லை, மருந்தும் பெரிதாக மாறவில்லை. மாறியது குண்டின் வால் மட்டும்.

வேட்டைக்கு வந்தால் கணக்கு திரும்புகிறது. காகிதத்தில் துளை விழுந்தால் போதும். விலங்கு வதைபடாமல் உடனே சாக வேண்டும். வேட்டையைச் சட்டப்படி நடத்தும் நாடுகள் இதற்கு எண்ணே வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் சிறுமானுக்கு 100 மீட்டரில் 1,000 ஜூல் வேண்டும். பெரிய மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் குறைந்தது 6.5 மி.மீ. குண்டும் 100 மீட்டரில் 2,000 ஜூலும் வேண்டும். இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம் .240 அங்குலமும் குழல் வாயில் 1,700 அடி-பவுண்டும், ஏறக்குறைய 2,300 ஜூல், கேட்கிறது. .308, 6.5 கிரீட்மூர், 1894-ஆம் ஆண்டின் 6.5x55 ஸ்வீடிஷ் எல்லாமே இதைச் சுலபமாகத் தாண்டும். மேக்னம் இல்லாமலேயே.

அங்கே எல்லையை வைப்பது ஆற்றலைவிடக் குண்டின் விரிவு. ஈயத்தைச் செம்பு உறையில் வைத்த சாதாரண வேட்டைக் குண்டு விலங்கில் பட்டதும் காளான் போல விரிய, வினாடிக்கு 550 மீட்டர் வேகமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஊசி போலத் துளைத்துப் போய்விடும். விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ சாகும். போட்டிக் குண்டு வேட்டைக்கு உதவாததும் இதனால்தான்: சில சமயம் விரியாது, சில சமயம் தோலை ஒட்டியே சிதறும். தூரத்து இலக்கில் பத்து அடிப்பவர் அதே தூரத்தில் விலங்கைச் சுடத் தகுதி பெற்றுவிட்டார் என்று நினைப்பது பெரிய தவறு. காகிதம் அசையாது.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு சட்டத்தோடு நின்றுவிடுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பிறகு விளையாட்டு வேட்டை என்று ஒன்று இந்தியாவில் கிடையாது. பேரையூர், சாப்டூர், நத்தம் பக்கம் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகிறவர்களுக்குப் பன்றித் தொல்லை எவ்வளவு கொடுமை என்பது தெரியும். ஒரே ராத்திரியில் ஒரு குழி நிலம் மிச்சமில்லாமல் உழுதுவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டி வந்தால் சுடலாம். சுடுவதும் வனத்துறையினர் மட்டும்தான், நிலத்துக்காரர் இல்லை. ஆகவே பன்றிக்கு எந்தத் தோட்டா என்று உழவர் கேட்பதில் பயனில்லை. வனச்சரகர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கும் மனுதான் வழி. தீனிக்குள் வெடி மறைக்கும் அவுட்டுக்காய் வைப்பது குற்றம் என்பதோடு, மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் வாயில் வெடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கையில் என்ன கிடைக்கும் என்பதையும் சட்டமே முடிவு செய்கிறது. .303-ம் 7.62-ம் ராணுவத் தோட்டாக்கள் என்பதால் தடை செய்யப்பட்ட ‘போர்’ (bore, துளை அளவு) வகை. சாதாரண உரிமத்தில் வருபவை .315, .30-06, .22, பிறகு 12 போர் போன்ற மரையில்லாத் துப்பாக்கிகள். நகருக்குள் இருப்பவர் காவல் ஆணையரிடமும் வெளியே இருப்பவர் ஆட்சியரிடமும் உரிமம் கேட்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக் கூடியது இரண்டு துப்பாக்கிதான். தோட்டாவை வீட்டில் நிரப்பிக்கொள்ளும் வழி இல்லை. தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். அதனால் மேலே சொன்ன மருந்து அளவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

.315 என்பது ஆஸ்திரியாவின் பழைய 8x50ஆர் மான்லிகர் தோட்டா. கனமான, மழுங்கிய மூக்குக் குண்டு. நூறு நூற்றைம்பது மீட்டருக்கு மேல் அதை நீட்டுவது வீண். .30-06 பெயரிலேயே பிறந்த ஆண்டு 1906 இருக்கிறது. 1952-ல் வந்த .308-ஐ விடக் கூடு 12 மி.மீ. நீளம், மருந்தும் நாலில் ஒரு பங்கு கூட, 180 கிரெய்ன் குண்டில் வேகம் மூன்று சதவீதம்தான் கூட. ஆனாலும் உரிமத்தில் கிடைப்பவற்றில் 300 மீட்டருக்கு நியாயமாகத் தாங்குவது அதுதான். குண்டை மட்டும் கூர்மூக்காகப் பார்த்து எடுங்கள்.

ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினரின் இலக்குப் பயிற்சிக்கு .22 ரைபிளைத் தனியாகவே குறிப்பிடுகிறது. மதுரையில் தொலைதூரச் சுடுதலைக் கற்க விரும்புபவருக்கு மிகத் திறனான தோட்டா எது என்றால் அதுதான், தயக்கமே வேண்டாம். 1887-ல் பிறந்த .22 லாங் ரைபிள். 40 கிரெய்ன் ஈயக் குண்டு, மருந்து ஒரு குண்டுமணிகூட இருக்காது, உதை இல்லை, குழல் பல்லாயிரம் சூடு தாங்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் எடுத்தது இந்தத் தோட்டாவில்தான்.

அந்த 50 மீட்டர் இலக்கில் பத்து வளையம் 10.4 மி.மீ. அதே 3 மீட்டர் காற்று .22 குண்டை 50 மீட்டரில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் ஒதுக்கிவிடும். பத்தில் வைத்த குண்டு ஒன்பதைத் தாண்டி எட்டுக்குப் போகும். 300 மீட்டரில் பெரிய ரைபிள் கற்றுக்கொடுக்கும் காற்றுப் பாடம் முழுவதும் இந்த 50 மீட்டருக்குள் மடித்து வைத்தது போல இருக்கிறது.

இதில் புதியவர் செய்யும் முதல் தவறு, டப்பாவில் ‘ஹை வெலாசிட்டி’ என்று பார்த்து வாங்குவது. அந்தக் குண்டு வினாடிக்கு 375 மீட்டரில் கிளம்பி, ஒலி வேகத்தை ஒட்டிய கட்டத்தில் காற்றுத் தடை உச்சத்தில் இருக்கும்போது பறக்கிறது. வேகத்தை வாரி இழக்கிறது, தாமதம் கூடுகிறது. கணக்கில், 3 மீட்டர் காற்றில் அது இரண்டரை செ.மீ. ஒதுங்கும். 326 மீட்டரில் நிதானமாகக் கிளம்பும் ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ குண்டு ஒலிக்குக் கீழேயே இருப்பதால் ஒன்றே முக்காலுக்குள் நிற்கிறது. வேகம் கூடினால் காற்று குறையும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. சித்திரை வெயிலில் இது இன்னும் சாதகம்: 38 டிகிரியில் ஒலி வேகம் வினாடிக்கு 354 மீட்டர், 15 டிகிரியில் 340. மெதுவான குண்டுக்கும் ஒலிக்கும் இடையே இடைவெளி விரிகிறது. காற்றின் அடர்த்தியும் ஏழு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. கொடைக்கானல் உயரத்துக்குப் போனால் அடர்த்தி இன்னும் குறையும். அங்கிருந்து கொண்டுவந்த ஸ்கோப் அளவை இங்கே அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

வெயிலின் கெடுதல் தோட்டாவில்தான். சில மருந்துகளில் ஒரு டிகிரி சூட்டுக்கு வினாடிக்கு அரை மீட்டர் வேகம் ஏறும். நிழலில் 25 டிகிரியில் இருந்த டப்பாவை 45 டிகிரி வெயிலில் வைத்துவிட்டால் 10 மீட்டர் வரை வேகம் கூடும்; பெரிய ரைபிளில் 600 மீட்டரில் அடி 9 செ.மீ. அளவுக்கு மேலே போகும். சுட்டுச் சூடேறிய சேம்பரில் தோட்டாவை ஏற்றிவிட்டுக் காற்றுக்காக நிமிடக்கணக்கில் காத்திருப்பதும் அதே தவறு. .22-ல் இன்னொன்றும் சேரும்: ஈயக் குண்டின் மேல் பூசிய மெழுகு மூடிய காரில் உருகி வழியும், புழுதி ஒட்டும், அந்த மணல் குழலைக் கீறும். தெர்மாகோல் பெட்டி போதும். ஐஸ் வைக்காதீர்கள், டப்பாவைத் திறந்ததும் பித்தளையில் வியர்க்கும்.

ஆடிக்காற்று வேறு ரகம். கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் மேல்காற்று நாள் முழுவதும் ஒரே சீராக வீசாது. அலை அலையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் ஸ்கோப்பைத் திருகுவது வீண் வேலை. அடிக்கடி திரும்பி வரும் ஒரு நிலையைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சரி செய்துகொண்டு, காற்றைக் காட்டும் கொடி அந்த நிலைக்கு வரும்வரை விரலை எடுத்துக் காத்திருப்பதே வழி. பங்குனி வெயிலில் கொடி அசையாத நேரத்தில் கானலைப் பார்க்க வேண்டும். ஓடும் திசையே காற்றின் திசை. ஓடாமல் கொதித்து மேலே எழுந்தால் காற்று இல்லை, அல்லது முகத்துக்கோ முதுகுக்கோ நேராக வருகிறது என்று பொருள், அடுத்த நொடி எந்தப் பக்கமும் திரும்பலாம். ஸ்கோப்பின் பெரிதாக்கும் அளவை 25-லிருந்து 12-க்கு இறக்கினால் இலக்கு நடுங்குவது குறையும்.

.22-ல் தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்பைச் சுற்றித் தடவியிருக்கும். ஓரிடத்தில் தடவல் விட்டுப்போனால் அடித்தும் வெடிக்காது. குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது வினாடி பொறுத்துப் பிறகு குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைத் திறங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாவும் உண்டு. அதே கூட்டை விளிம்பு திருப்பி மறுபடி அடிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. போட்டியில் அதை நம்ப வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியில் எந்த .22 என்ற கேள்வி. விலையோ பெயரோ சொல்லாது, உங்கள் குழல்தான் சொல்லும். ஒரே கம்பெனியின் ஒரே வகையில்கூட லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் செய்த தொகுப்பு) துல்லியம் மாறும். நான்கைந்து லாட்டில் லாட்டுக்கு ஒரு டப்பா வாங்கி, காற்று எழுவதற்கு முன் காலை ஆறு மணிக்கு, ரைபிளை மணல் மூட்டையில் சாய்த்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாக நான்கு தொகுதி சுடுங்கள். லாட் மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; குழலில் பழைய மெழுகு போய்ப் புதிய மெழுகு பூச அத்தனை சூடு வேண்டும். மிகச் சிறிய ஒரு தொகுதியைப் பார்த்து மயங்காமல், நான்கில் மிக மோசமானது எந்த லாட்டில் மிகச் சிறியதாக இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை எழுதி வைத்து, கடையில் அதே எண் இருக்கும்போதே ஒரு பருவத்துக்குத் தேவையானதை உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள் வாங்கி வையுங்கள்.